தெரியாது என்று சொல்லிக்கொடுத்தேன்

பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்த வரச் சொல்லிக் காப்ரியல் வாத்தியார் எங்களைக் கேட்டபோது எனக்கு ஐம்பத்தாறு வயது. கூலியாட்களை மேற்பார்க்கும் மண்டோர் வேலையிலிருந்து ஓய்ந்து உட்கார்ந்திருந்த நாராயணசாமிக்கு அறுபத்து மூன்று. தமிழ் வாசிக்கவும் தெரிந்து, பகலில் வேலையும் இல்லாத பெரியவர்கள் ஆற்றங்கரை ரப்பர் தோட்டத்தில் நாங்கள் இருவர்தான். அதைத் தவிர எங்களுக்கு வேறு தகுதி கிடையாது.

அது 1951. மலாயாவில் அவசர காலம் தொடங்கி மூன்று வருடம் ஆகியிருந்தது. காட்டில் துப்பாக்கியோடு இருந்த கம்யூனிஸ்டுகளுக்குச் சோறு போய்ச் சேரக்கூடாது என்று, ஆளுக்கொரு மூலையில் கிடந்த எங்கள் லயங்களை, கூலி வீட்டு வரிசைகளை எல்லாம் ஒரே இடத்துக்குக் கொண்டுவந்து, சுற்றிலும் கம்பி வேலி போட்டு, ஒரே ஒரு கேட் வைத்திருந்தார்கள். காலையில் பால் மரத்துக்குப் போகிறவர்களின் தூக்குச் சட்டியைத் திறந்து பார்த்துத்தான் வெளியே விடுவார்கள். ஒரு பிடி சோறு இருந்தாலும் கேள்விதான். மூன்று லயத்துப் பிள்ளைகளும் ஓரிடத்தில் சேர்ந்ததால் பள்ளிக்கூடத்தில் எண்பத்து நாலு பேராகிவிட்டார்கள். கோலா சிலாங்கூர் ரோட்டில் ஒரு லோரி சுடப்பட்ட வாரத்தில் இரண்டாவது வாத்தியார் பெட்டியைக் கட்டிக்கொண்டு சுங்கை பெசாருக்குப் போனவர், பிறகு திரும்பவில்லை. காப்ரியல் ஒருவரே நாலு வகுப்பையும் ஒரே கூடத்தில் வைத்துக்கொண்டு தொண்டை கட்டிப் போயிருந்தார்.

“சம்பளம் கிடையாது. பிள்ளைங்க தொல்லை மட்டும் நெறைய கிடைக்கும்” என்றார் என்னிடம்.

நான் உடனே சரி என்றேன். அவர் ஆச்சரியப்பட்டார். இரண்டு வருடமாக நான் ஆலயத்துக்கும் தண்ணீர்க் குழாய்க்கும் தவிர வேறெங்கும் போனதில்லை. யாரோடும் நின்று பேசியதில்லை. அதற்கொரு காரணம் இருந்தது. அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

என் கணவர் ராஃபேல் தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரெசராக, மருந்து கொடுத்துக் கட்டுப்போடுகிறவராக இருந்தவர். அவர் போன பிறகும் நான் அங்கே துணி துவைத்துப் போட்டு, மாத்திரை எண்ணிக் கொடுத்து உதவிக்கொண்டிருந்தேன். ஒருநாள் போலீஸ் ஆபீசர் ஒருவர் வந்தார். மரியாதையாகப் பேசினார், நாற்காலியில் உட்காரச் சொன்னார். இந்த மாதம் யாராவது அதிகமாகக் கொயினா மாத்திரை வாங்கினார்களா என்று கேட்டார். பால்வெட்டும் செல்லன் இரண்டு தடவை வந்தான் என்றேன். கேட்டார், தெரிந்ததைச் சொன்னேன், அவ்வளவுதான். அவன் தன் வீட்டுக் காய்ச்சலுக்கு வாங்கினானா, காட்டுக்குக் கொடுக்க வாங்கினானா என்று எனக்கு அன்றும் தெரியாது, இன்றும் தெரியாது. மறுநாள் காலை ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் வைத்து அவனைப் பிடித்தார்கள். எட்டு மாதம் அடைத்து வைத்துவிட்டு நாகப்பட்டினத்துக்குக் கப்பல் ஏற்றினார்கள். மனைவி சின்னத்தாய் படுத்த படுக்கையாய்க் கிடந்த தாயை விட்டுவிட்டுப் போக முடியாமல் பெண் குழந்தையோடு இங்கேயே தங்கிவிட்டாள்.

நான் சொன்னது யாருக்கும் தெரியாது என்றுதான் நினைத்திருந்தேன். ஆனாலும் குழாயடியில் சின்னத்தாய் குடத்தை வைத்தால் என் குடத்தை எடுத்துக்கொண்டு வந்துவிடுவேன். என்னை யாரும் தண்டிக்கவில்லை. தண்டனை இல்லாத குற்றம் வீட்டுக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வரும். அப்படி இருந்தவளை ஒருவர் வாசலில் வந்து நின்று, நீங்கள் வேண்டும் என்று கேட்டார். அதற்கு நான் காப்ரியலுக்கு இன்றைக்கும் நன்றி சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

எனக்கு இரண்டாம் வகுப்பு. இருபத்து மூன்று பிள்ளைகள், இரண்டு பாடப் புத்தகம். முன் பெஞ்சில் முதல் ஆளாக உட்கார்ந்திருந்தவள் கலாவதி, செல்லனின் மகள். அவளைப் பார்த்ததும் வகுப்பை மாற்றித் தரச் சொல்லிக் கேட்கலாமா என்று நினைத்தேன். கேட்கவில்லை. கேட்டால் ஏன் என்பார்களே.

நாராயணசாமி மூன்றாம் வகுப்பை எடுத்துக்கொண்டார். எடுத்துக்கொண்ட முதல் நாளே அதை மரக்காடாக்கிவிட்டார். காலையில் பிள்ளைகளை வரிசையாக நிறுத்திப் பெரட்டு எடுப்பார். பால்வெட்டுக்கு மர வரிசை பிரிப்பதுபோல ஆளுக்கொரு நிரை கொடுப்பார். உனக்கு ஏழாம் வாய்ப்பாடு நிரை, உனக்கு எட்டாம் வாய்ப்பாடு நிரை. நிரையை முடிக்காதவனுக்குத் தண்ணீர் குடிக்கப் போகவும் உத்தரவில்லை. “மரத்துல காயம் படாம வெட்டணும்டா” என்று சிலேட்டைக் காட்டிச் சொல்வார். பிள்ளைகள் அவரைப் பார்த்துச் சிரிக்கவும் செய்தார்கள், கணக்கும் போட்டார்கள்.

நான் எழுத்துக்களைப் பழைய மருந்துப் புட்டிகளில் தமிழில் எழுதிய காகிதம் ஒட்டிச் சொல்லிக்கொடுத்தேன். உப்பு, சீனி, சுண்ணாம்பு, மண். புட்டிக்குள் இருப்பதும் மேலே எழுதியிருப்பதும் ஒன்றா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். கலாவதி வேகமாகப் படித்தாள். அவள் பக்கத்தில் நான் அதிக நேரம் நின்றேன் என்பது எனக்கே தெரிந்தது. பாடம் முடிந்த பிறகும் அவளை வைத்துக்கொண்டு இன்னொரு பக்கம், இன்னொரு பக்கம் என்று புரட்டுவேன்.

இப்படி நாலு மாதம் போயிருக்கும். ஒருநாள் கேட்டில் நின்ற ஸ்பெஷல் போலீஸ்காரன் ஒருவன் கலாவதிக்கு மிட்டாய் கொடுத்து, நேற்று வீட்டில் யாருக்கெல்லாம் சோறு போட்டீர்கள் என்று கேட்டிருக்கிறான். அவள் ஒளிக்காமல், மாமாவுக்கு என்று சொல்லியிருக்கிறாள். மாமா ஜெராமிலிருந்து கருவாடு கொண்டுவந்தவர், பாஸ் வாங்கிக்கொண்டுதான் உள்ளே வந்தவர். அது தெரிவதற்குள் சின்னத்தாயை அரை நாள் கேட்டடியில் வெயிலில் உட்கார வைத்துவிட்டார்கள்.

மறுநாள் நான் வகுப்பில் பாடம் எடுக்கவில்லை. துப்பாக்கி வைத்திருப்பவர், காக்கி போட்டவர், வெளியாள், யார் எது கேட்டாலும் ‘தெரியாது’ என்று சொல்ல வேண்டும் என்றேன். அவர்கள் தலையாட்டியது எனக்குப் போதவில்லை. குழந்தைகளுக்கு எதுவும் விளையாட்டாக இருந்தால்தான் நிற்கும். அதனால் விளையாட்டாக்கினேன். தினமும் பாடம் முடிந்ததும் நானே போலீஸ்காரன் மாதிரி இடுப்பில் கை வைத்து நின்று கேட்பேன். உன் பேர் என்ன? தெரியாது. வீட்டில் என்ன குழம்பு? தெரியாது. முதலில் உண்மை சொல்லிவிடுகிறவர் தோற்றவர், அத்தோடு ஆட்டம் முடிந்தது. பிறகு இன்னும் கடினமாக்கினேன். போலீஸ்காரர்கள் முன்னால் நானே வந்து ‘சொல்லலாம்’ என்று சொன்னாலும் சொல்லக்கூடாது என்றேன். என்னையும் மிரட்டி அழைத்து வந்திருக்கலாம் அல்லவா. ஒரு வாரத்தில் இருபத்து மூன்று பேரில் ஒருவரைக்கூட என்னால் தோற்கடிக்க முடியவில்லை. எனக்குப் பெருமையாக இருந்தது. எழுத்துச் சொல்லிக்கொடுத்ததைவிட இதைத்தான் உருப்படியான காரியம் என்று நினைத்தேன்.

அந்தச் சமயத்தில்தான் கல்வி இலாகாவிலிருந்து காப்ரியலுக்குக் கடிதம் வந்தது. எண்பத்து நாலு பிள்ளைகளுக்கு ஒரு வாத்தியார் என்பது சரியில்லை. பயிற்சி பெறாத பெரியவர்களைக் கொண்டு பாடம் நடப்பதாகத் தெரிகிறது. இன்ஸ்பெக்டர் நேரில் வந்து பார்ப்பார். திருப்தியில்லை என்றால் பள்ளியை மூடிவிட்டுப் பிள்ளைகளை ஒன்பது மைலுக்கு அப்பாலிருக்கும் டவுன் பள்ளியில் சேர்க்க வேண்டியிருக்கும். காப்ரியல் அதை எங்களுக்கு வாசித்துக் காட்டினார். ஒன்பது மைல் யாரும் போகப் போவதில்லை. பஸ் கிடையாது, ரோட்டில் பயம், கேட்டில் சோதனை. பெரிய பிள்ளைகள் தாயோடு மரத்துக்குப் போவார்கள், சின்னவர்கள் தம்பி தங்கையைத் தூக்கிக்கொண்டு லயத்து வாசலில் நிற்பார்கள். எங்கள் மூன்று பேருக்கும் அது தெரிந்திருந்தது.

“என் நிரையெல்லாம் சுத்தமா இருக்கு, வரச் சொல்லுங்க” என்றார் நாராயணசாமி. நானும் அப்படித்தான் நினைத்தேன்.

இன்ஸ்பெக்டர் தங்கராஜு ஐயா ஒரு செவ்வாய்க்கிழமை வந்தார். ரோடு சரியில்லாததால் போலீஸ் வண்டியில், துப்பாக்கியோடு இரண்டு ஸ்பெஷல் போலீஸ்காரர்கள் துணைக்கு வந்தார்கள். அவரும் காக்கிக் காற்சட்டை, தொப்பி. கூடத்துக்குள் அவர் கால் வைத்தபோது பிள்ளைகள் எழுந்து வணக்கம் சொன்னார்கள். ஒரு போலீஸ்காரர் வாசற்படியில் சாய்ந்து நின்றார். அப்போதுகூட எனக்கு எதுவும் உறைக்கவில்லை. கலாவதி பாடப் பக்கத்தைப் பிசிறில்லாமல் வாசிப்பாளா என்பதிலேயே என் நினைப்பெல்லாம் இருந்தது.

அவர் நேராக என் வகுப்புக்கு வந்து, முன் பெஞ்சில் இருந்தவளைப் பார்த்துச் சிரித்தார்.

“உன் பேரு என்னம்மா?”

கலாவதி எழுந்தாள். அவரைப் பார்த்தாள், வாசற்படியைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். கண்ணில் ஒரு மினுக்கம்.

“தெரியாது.”

அவர் மறுபடியும் சிரித்தார். “சரி, உங்கப்பா பேரு?”

“தெரியாது.”

அவர் அடுத்த பையனைக் கேட்டார். தெரியாது. பாடப் புத்தகத்தைத் திறந்து மாட்டுப் படத்தைக் காட்டி இது என்ன என்றார். இருபத்து மூன்று பேரும் சேர்ந்து, நான் பழக்கியபடியே ஒரே குரலில், தெரியாது என்றார்கள். வாசற்படியில் நின்றவர் சிரித்துவிட்டார்.

நான் ஓடிப்போய்க் கலாவதியின் தோளைத் தொட்டு, ஐயாவுக்குச் சொல்லலாம் என்றேன். அவள் முகம் இன்னும் மலர்ந்தது. இந்தப் பொறியும் அவளுக்குத் தெரியும். இன்னும் சத்தமாக, இன்னும் தெளிவாக, தெரியாது என்றாள். அவ்வளவு நன்றாகச் செய்ததற்கு நான் பாராட்டுவேன் என்று காத்திருந்தாள்.

“டிரெசரம்மா, புள்ளைங்களுக்கு என்ன மருந்து குடுத்து வச்சிருக்கீங்க” என்று பின்னாலிருந்து முணுமுணுத்தார் நாராயணசாமி.

இன்ஸ்பெக்டர் புத்தகத்தை மூடினார். காப்ரியலைப் பார்த்து, “பேரே சொல்லத் தெரியலியே வாத்தியாரே” என்றார். கோபமாக அல்ல, வருத்தமாக. பையிலிருந்து நோட்டை எடுத்து, பேனாவின் மூடியைக் கழற்றினார்.

அந்தச் சில விநாடிகளை நான் பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். போலீசிடம் தகவலை மறைப்பது அந்த நாளில் சாதாரணக் குற்றம் அல்ல. செல்லன் போன கப்பலில் போகிற அளவுக்குக் குற்றம். நான் இருபத்து மூன்று குழந்தைகளுக்கு அதைத்தான் பாடமாக நடத்தியிருக்கிறேன். வாயைத் திறந்தால் வாசற்படியில் நிற்பவர் காதில் விழும். திறக்காவிட்டால் பள்ளிக்கூடம் போகும். தைரியம் என்று எதுவும் என்னிடம் அப்போது இருந்ததாக ஞாபகம் இல்லை. கலாவதி இன்னும் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள், அதுதான் ஞாபகம்.

“எழுதாதீங்க ஐயா” என்றேன். “பிள்ளைங்களுக்கு எல்லாம் தெரியும். தெரியாதுன்னு சொல்லச் சொல்லிக் குடுத்தது நான்.”

அவர் பேனாவைக் கீழே வைக்கவில்லை. ஏன் என்று கேட்டார்.

“ரெண்டு வருசத்துக்கு முன்னாடி ஒரு ஆபீசர் என்னைக் கேட்டாரு. தெரிஞ்சதைச் சொன்னேன். ஒரு ஆளைக் கப்பல் ஏத்திட்டாங்க. அந்த ஆளோட பிள்ளை இந்த வகுப்புல இருக்கு. இதுங்களும் என்னை மாதிரி ஆயிரக் கூடாதுன்னு நெனச்சேன்.”

நாராயணசாமி தலையைக் குனிந்துகொண்டார். இன்ஸ்பெக்டர் நோட்டை மூடினார். பிறகு திரும்பி, இரண்டு பேரும் வண்டியடியில் நிழலில் இருங்கள் என்று போலீஸ்காரர்களை அனுப்பினார். தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்தார். விளையாட்டின் விதிகளை எல்லாம் என்னிடம் கேட்டுத் தெரிந்துகொண்டார்.

“அப்ப நீங்க போய் அந்தப் பொண்ணு பக்கத்துல உக்காருங்கம்மா” என்றார்.

நான் முன் பெஞ்சில் இடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். அவர் நான் செய்வதுபோலவே இடுப்பில் கை வைத்து நின்றார்.

“உங்க பேரு?”

“அகதா.”

பின்னாலிருந்து யாரோ மூச்சை இழுத்தார்கள்.

“வீட்டுக்காரரு?”

“ராஃபேல். டிரெசரா இருந்தாரு. காலமாயிட்டாரு.”

“காலையில என்ன சாப்பிட்டீங்க?”

“மரவள்ளிக் கிழங்கு.”

“நேத்து சாயங்காலம் வீட்டுக்கு யாரு வந்தா?”

அதே மாதிரிக் கேள்விக்குத்தான் அன்றைக்கு நான் பதில் சொன்னேன். “நாராயணசாமி மண்டோர் வந்தாரு. கிழிஞ்ச புத்தகம் ஒட்டப் பசை கேட்டு வந்தாரு.”

“ஊருக்கே கேக்குற மாதிரிச் சொல்லுங்கம்மா” என்றார் நாராயணசாமி. பெரிய பிள்ளைகள் சிரித்தார்கள்.

கலாவதி சிரிக்கவில்லை. அவள் பெஞ்சில் ஏறி நின்று வகுப்பைப் பார்த்து அறிவித்தாள். “டீச்சரம்மா தோத்துட்டாங்க.”

தோத்துட்டாங்க, தோத்துட்டாங்க என்று கூடமே அதிர்ந்தது. இத்தனை மாதத்தில் அவர்கள் அவ்வளவு சந்தோஷப்பட்டு நான் பார்த்ததில்லை. ஒருவர் தோற்றால் ஆட்டம் முடிந்தது என்பதுதான் எங்கள் விதி. ஆட்டம் முடிந்ததும் அவர்கள் பழையபடி பிள்ளைகளாகிவிட்டார்கள். இன்ஸ்பெக்டர் மறுபடி கேட்டார்.

“கலாவதி. எங்கப்பா பேரு செல்லன். நாகப்பட்டினத்துல இருக்காரு.”

அவர் அவளிடம் புத்தகத்தைக் கொடுத்தார். வாசித்தாள். நாங்கள் இன்னும் நடத்தாத பக்கத்தைப் புரட்டிக் கொடுத்தார். கொஞ்சம் திணறி வாசித்தாள். கடைசியில் தன் பையிலிருந்த தமிழ்ப் பத்திரிகையை விரித்து விரலால் ஓர் இடத்தைக் காட்டினார். அரிசி வரத்து பற்றிய செய்தி. ஒவ்வொரு சொல்லாகத் தொட்டுத் தொட்டு, முடிவுவரை போனாள். மற்ற பிள்ளைகள் என் முறை என் முறை என்று மேலே விழுந்தார்கள். நாராயணசாமியின் நிரைகளைப் பார்க்க அவருக்கு நேரமே மிஞ்சவில்லை. அதில் மண்டோருக்குக் கொஞ்சநாள் குறை.

போலீசிடமிருந்து ஆள் வருமா என்று மூன்று வாரம் கேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். யாரும் வரவில்லை. நான்காவது வாரம் கடிதம் வந்தது. பள்ளி இருந்த இடத்திலேயே நடக்கலாம். புது வருடத்தில் இரண்டாவது வாத்தியார் அனுப்பப்படுவார். அதுவரை பெரியவர்களின் உதவி தொடரலாம். இரண்டாம் வகுப்பைப் பற்றி ஒரே வரி. ‘வாசிப்பு நன்று. பிள்ளைகள் சற்றுக் கூச்ச சுபாவம்.’ காப்ரியல் அந்த வரியை இரண்டு தடவை வாசித்தார். கூச்சம் என்ற அந்தச் சொல்லுக்குள் இன்ஸ்பெக்டர் எங்கள் எல்லோரையும் ஒளித்து வைத்துவிட்டார். அவருக்கு நன்றி சொல்லக்கூட எனக்கு வழியில்லை. ஜெபத்தில் அவர் பெயரைச் சேர்த்துக்கொண்டேன்.

ஆனால் தோட்டத்தில் எதுவும் கூடத்துக்குள்ளேயே நிற்பதில்லை. நான் பெயரைச் சொல்லவில்லைதான். கப்பல் ஏற்றப்பட்டவன் எங்கள் தோட்டத்தில் ஒருவன்தான்.

ஞாயிற்றுக்கிழமை ஆலயம் முடிந்து வந்திருந்தேன். சின்னத்தாய் வாசலில் நின்றாள். என் வீட்டு வாசலுக்கு அவள் வந்தது அதுவே முதல் தடவை. உள்ளே வரச் சொன்னேன். வந்து தரையில் உட்கார்ந்தாள். நானும் எதிரில் உட்கார்ந்தேன். சொல்ல வேண்டியதை இரண்டு வருடமாக மனத்தில் அடுக்கி வைத்திருந்தேன். அவளே தொடங்கினாள்.

“எனக்கு அன்னிக்கே தெரியும் டிரெசரம்மா. புடிச்சிட்டுப் போன ஆபீசரே சொன்னாரு, டிரெசர் வூட்டம்மா சொன்னாங்கன்னு.”

அப்படியென்றால் ஏன் மகளை என் வகுப்பில் விட்டாய் என்று கேட்டேன்.

“வேற யாருகிட்ட வுடுவேன்? உங்க மனசுல முள்ளு கெடக்குன்னு தெரியும். என்னைக் கண்டா கொடத்தத் தூக்கிக்கிட்டு ஓடுவீங்கல்ல. மத்த புள்ளைக்கு ஒருவாட்டி சொல்லிக் குடுத்தா எம்புள்ளைக்கு நாலுவாட்டி சொல்லிக் குடுப்பீங்கன்னு நெனச்சேன். குடுத்தீங்களா இல்லியா?”

“குடுத்தேன்.”

“பின்ன என்ன” என்றாள். “கோவம் போயிருச்சுன்னு நெனச்சுக்காதீங்க. அது கெடக்கு.”

அவள் மன்னித்தேன் என்று சொல்லியிருந்தால் நான் அழுது, அத்தோடு முடிந்திருக்கும். அவள் அதைத் தரவில்லை. என் குற்றத்தைப் பார்த்து, இதைக் கொண்டு என் பிள்ளைக்கு என்ன செய்யலாம் என்று யோசித்திருக்கிறாள். என்னால் ஒரு பயன் உண்டு என்று எனக்கு முன்னாலேயே அவள் கண்டுபிடித்திருக்கிறாள். கோபத்தையும் வைத்துக்கொண்டு பிள்ளையையும் என்னிடம் அனுப்புவதற்கு எவ்வளவு மனம் வேண்டும்.

அவள் இடுப்பிலிருந்து நீலத் தபால் காகிதத்தை எடுத்தாள். இதுவரை செல்லனுக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தவர் காப்ரியல். இந்தத் தடவை நீங்கள் எழுதுங்கள் என்றாள். நான் பேனாவை எடுத்தேன். கலா பெரிய ஐயா முன்னால் பேப்பரே படித்துவிட்டது என்று எழுதச் சொன்னாள். அப்பா பெயரைக் கூட்டத்தில் சத்தமாகச் சொன்னது என்றாள். ஆடு குட்டி போட்டதையும், அம்மாவுக்குக் கால் வீக்கம் வடிந்ததையும் சொன்னாள். எல்லாவற்றையும் எழுதினேன்.

எங்கள் தோட்டத்தில் யாருக்காவது கடிதம் எழுதிக் கொடுப்பவர், கடைசியில் தன் பெயரையும் போட்டு நலம் விசாரிப்பது வழக்கம். நான் பேனாவை நிறுத்தினேன்.

“போடுங்க” என்றாள் சின்னத்தாய். “எழுதுனது யாருன்னு அவரு தெரிஞ்சுக்கிட வேணாமா? கீழ எடம் இருக்கு. நீங்க சொல்றதுக்கு எதாச்சும் இருந்தா அதையும் எழுதுங்க. எனக்குப் படிச்சுக் காட்ட வேணாம்.”

நாலு விரல் அகலத்துக்கு இடம் இருந்தது. ‘செல்லன் தம்பிக்கு அகதா எழுதுவது’ என்று தொடங்கினேன். அவள் எழுந்து போய், நான் சொல்லாமலே அடுப்பில் தேநீருக்குக் கேத்தலை வைத்தாள். தேத்தூள் டப்பாவைத் தேடி எடுத்தாள். நான் எழுதி முடிக்கும்வரை என் பக்கம் திரும்பவே இல்லை.